ஓடைக்காட்டு டயர்

ஓடைக்காட்டு மனிதர்களின் உள்ளங்கை ரேகையும் உள்ளங்கால் ரேகையும் ஜீப்பின் இடது முன் டயரோடு சேர்ந்து தேய்கின்றன என்பது மலையில் எல்லோருக்கும் தெரிந்துபோன பிறகும், அந்தக் கருங்கொடிப்பாறை மலையில் மிளகு பழுப்பதும் பலா விழுவதும் செவ்வாய்க்கிழமைதோறும் ஜீப் சந்தைக்கு இறங்கி ஏறுவதும் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

முதலில் கண்டுபிடித்தது ரேஷன் கடைக் கருவி. கட்டைவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரிய வேண்டும்; ஓடைக்காட்டாரின் விரலுக்கு மட்டும் அது சிவப்பாகவே எரிந்தது. கடைக்காரர் ஒரு மாதம் விரலைத் துடைக்கச் சொன்னார், மறுமாதம் எண்ணெய் தடவி வரச் சொன்னார், அதற்கடுத்த மாதம் கண்ணைக் காட்டினால் அரிசி தரும் வேறொரு கருவியை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். ஊரும் அப்படித்தான் பழகியது. ஓடைக்காட்டுப் பெண்கள் குடத்தின் கழுத்தில் வாழைநார் சுற்றினார்கள், வாசலில் தண்ணீர் தெளிப்பதை விட்டுச் சாம்பல் தூவினார்கள், பாதத்தில் தேங்காய்க் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டுக்கொண்டு காட்டுக்குப் போனார்கள். சந்தையில் மற்ற ஊர் இளவட்டங்கள், "ஓடைக்காட்டான் கையைப் பிடிக்காதடா, விரால் மாதிரி நழுவிருவான்" என்று சிரித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நட்சத்திரத்தைக் கேட்பதற்கு முன்னால், "பொண்ணு எந்த டயரு?" என்று கேட்டார்கள், கேட்டுவிட்டுக் காப்பியை முழுதாகக் குடிக்காமல் எழுந்தார்கள்.

டயர் எப்படி ஊருக்குச் சொந்தமானது என்றால், அந்த ஜீப் மூடிப்போன ஓர் ஏலக்காய்த் தோட்டத்துடையது. தோட்டத்துக்காரர்கள் போகும்போது டயர்களை மட்டும் கழற்றிக்கொண்டு, வண்டியை நான்கு செங்கல் அடுக்குகளின் மேல் நிறுத்திவிட்டு, மலைக்காரர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிப் போனார்கள். மலையில் ஊர்களும் நான்கு: உச்சியில் மேலக்காடு, அதற்குக் கீழே பாறைக்காடு, சரிவில் கல்லாறு, அடியில் தண்ணீர்ப் பக்கம் ஓடைக்காடு. ஊருக்கொன்றாக வாங்கிய டயர் தலைச்சுமையாக ஏறி வந்தது. எந்த ஊர் டயர் எந்த மூலைக்கு என்று கருப்பசாமி முன்னால் சீட்டுக் குலுக்கினார்கள். நாளைக்கு எவனாவது ராத்திரியோடு ராத்திரியாக நல்ல டயரைக் கழற்றித் தன் ஊர் மூலையில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற பயத்தில், ஒவ்வொரு டயரின் மேலும் கற்பூரம் ஏற்றினார்கள். அந்தந்த ஊரில் பிறந்த ஆணும் பெண்ணும், இடுப்பில் இருந்த குழந்தைகளும்கூட, வரிசையாக வந்து உள்ளங்கையால் தீயை அணைத்து, இந்த டயர் இந்த மூலையை விட்டு மாறாது என்று சத்தியம் செய்தார்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் டயர்களை மூலை மாற்றி மாற்றிப் போட்டால்தான் நான்கும் ஒன்றுபோலத் தேயும் என்பது அங்கே நின்ற ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்த ஒரே மலைக்காரன் சுருளியப்பன் அன்றைக்குக் கீழ்நாட்டு லாரிப் பட்டறை ஒன்றில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். மூன்று மாதம் கழித்து, ஓட்ட ஆளில்லை வா என்று அவனை அழைத்துவந்தபோது கற்பூரக் கரி டயரில் ஏறிப் படிந்திருந்தது.

அதனால் மேலக்காட்டில் பிறந்தும் சுருளியப்பனுக்கு டயர் இல்லை. அவன் ரேகை தேயவும் இல்லை. ஆனால் ஊர் திரும்பிய வருடமே அவன் கட்டிய ராமுத்தாய் ஓடைக்காட்டில் பிறந்தவள், ஓடைக்காட்டு வரிசையில் நின்று கற்பூரத்தை அணைத்தவள்.

ஒன்பது வளைவுகள் உள்ள அந்தப் பாதையில் நான்காவது, கழுதைப்பாறை வளைவு. அதில் ஜீப் ஒரே மூச்சில் திரும்பாது. நிறுத்தி, ஒரு முழம் பின்னால் விட்டு, மறுபடி ஸ்டீயரிங்கை ஒடித்துத்தான் ஏற வேண்டும். நிற்கிற அந்த நொடியில் வண்டி பின்னால் வழியாமல் இருக்க, கூடவே நடந்து வரும் ஒருவர் பின்சக்கரத்துக்குக் கீழே ஆப்புக் கட்டை செருக வேண்டும். நொடி முந்தினால் வண்டி பின்னால் வராது, நொடி பிந்தினால் நிற்காது. ஆறு வருடமாக அந்தக் கட்டையைச் செருகுகிறவள் ராமுத்தாய். வளைவுக்கு முன்னால் பலாக்கட்டையோடு குதித்துவிடுவாள், வளைவுக்கு அப்பால் ஓடி வந்து தொற்றிக்கொள்வாள்.

ஒவ்வொரு செவ்வாயும் கிளம்புவதற்கு முன்னால் சுருளியப்பன் நான்கு டயரிலும் மேலே துருத்தும் ரப்பர்ப் பட்டன்களுக்கு நடுவே தீக்குச்சியை நட்டு ஆழம் பார்த்தான். வலது பின்பக்கம் மேலக்காட்டு டயரில் குச்சி பாதிவரை முங்கியது. பாறைக்காட்டு டயரிலும் கல்லாற்று டயரிலும் தலை முங்கியது. ஓடைக்காட்டு டயரில் குச்சி நிற்கவே இல்லை, கீழே விழுந்தது. பிறகு அவன் வீட்டுக்குப் பின்பக்கம் போய், துவைகல்லில் உட்கார்ந்து பாதம் தேய்த்துக்கொண்டிருக்கும் ராமுத்தாயின் காலைத் தூக்கிப் பார்ப்பான்.

"என்ன, எங் காலையும் தீக்குச்சி வச்சுப் பாப்பீகளோ?"

"குதிகாலுல இன்னும் ரெண்டு கோடு இருக்கு."

"போன வாரமும் ரெண்டுன்னுதான் சொன்னீக. பொய்யச் சொன்னாலும் மாத்தி மாத்திச் சொல்லணும்" என்றாள் அவள்.

செய்து பார்க்காதது எதுவும் இல்லை. ஓடைக்காட்டார் புதிதாக ஒரு டயர் வாங்கி அதே மூலையில் மாட்டினார்கள். சந்தைக்குப் போய்த் திரும்புவதற்குள் அது பழையதைப் போலவே மொட்டையாகி வந்து நின்றது, தேய்ந்த மனிதர்களின் டயர் தேய்ந்துதான் இருக்கும் என்று அதற்கு யாரோ சொல்லி வைத்ததைப் போல. யாரும் சத்தியம் செய்யாத ஸ்டெப்னியை மாட்டினார்கள். அது மற்ற மூன்றையும்விட உயரம் கூடுதல், ஃபோர்வீல் போட்டதும் வண்டி தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து முனகியது, இரண்டாம் வளைவில் ஒரு பல் உடையும் சத்தம் கேட்டதும் இறக்கிவிட்டார்கள். ஐப்பசியில் ராமுத்தாயின் தம்பி செல்லப்பாண்டி, பதினைந்து வருடமாகக் குரங்கைப் போல மிளகுக்கொடி மரம் ஏறுகிறவன், ஒற்றை மூங்கில் ஏணியின் நான்காவது கணுவில் கால் பிடிக்காமல் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான்.

கார்த்திகை முதல் ஞாயிறு, நான்கு ஊரும் ஜீப் நிற்கிற களத்தில் கூடியது. மேலக்காட்டின் பெரியவர் போத்திராஜ் பானெட்டில் சாய்ந்து நின்றார். சுருளியப்பனுக்கு அவர் சித்தப்பா முறை.

"ஏறுறப்ப மலைச்சுவத்துக் கல்லு உரசுறது இடது முன்டயருல. எறங்குறப்ப பள்ளத்து ஓரம் பாரம் பூராம் நிக்கிறதும் அதே டயருலதான்" என்றான் சுருளியப்பன். "நம்ம டயரு பின்னாடி வலது பக்கம், சித்தப்பா. அது சும்மா கூடவே வருது."

"சும்மா வருதா? அது தள்ளாமத்தான் இந்த எரும ஏறுதா?"

மேலக்காட்டார் சிரித்தார்கள்.

"தள்ளுது, இல்லேங்கல. ரெண்டையும் குறுக்க மாத்திப் போடணும். பெறகு மூணு மாசத்துக்கு ஒருக்கா நாலையும் சுத்தி மாத்திக்கிட்டே இருக்கணும். தேஞ்சது திரும்பாது. மிச்சமிருக்கிறதையாச்சும் பங்கு வச்சுத் தேய்க்கலாம்."

"பங்குன்னா, எங்களுக்கு எம்புட்டுத் தேயும்?" என்று கேட்டாள் கல்லாற்றுக்காரி ஒருத்தி.

"தெரியல அத்தே."

"தெரியாமத்தான் எங்க காலைக் கேக்குறியாக்கும்."

போத்திராஜ் கையை உயர்த்தினார். "மேலக்காட்டுல நாப்பத்தோரு கை அணைச்ச கற்பூரம்டா இது. எம் பேத்தி கையை நாந்தான் பிடிச்சு நெருப்புல வச்சேன். வீல்னு கத்துனா. இந்த மூலையை விட்டு மாறாதுன்னு அவளுக்கும் சேத்து நாஞ் சொன்னேன். அந்தச் சொல்லு ஒடஞ்சு அந்தக் கைக்கு ஒண்ணுன்னா நீ வந்து நிப்பியா? நீ அன்னைக்கு இல்ல. ஒனக்கு அந்தச் சூடு தெரியாது."

செல்லப்பாண்டி கழுத்தில் தொங்கவிட்டிருந்த கையைத் தூக்கிக் காட்டினான். "எங்க கைக்கு ஒண்ணுன்னா மட்டும் பரவால்லயா பெரியவரே?"

"அது சீட்டுல விழுந்ததுப்பா" என்றார் போத்திராஜ். கோபமாகச் சொல்லவில்லை. பாறைக்காடும் கல்லாறும் தங்கள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டன, பிறகு தரையைப் பார்த்தன. கூட்டம் கலைவதற்கு முன்னால் போத்திராஜ் வண்டியிலிருந்து ஜாக்கியையும் வீல் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவை அவர் வீட்டில் இருந்தன. அவர் ஜீப்பில் ஏறினால் அவரோடு சாக்கில் சுற்றி ஏறின, பஞ்சர் என்றால் அவர் கண்முன்னால்தான் கழற்ற வேண்டும் என்று.

அந்தச் செவ்வாய் சந்தையிலிருந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போத்திராஜின் பேத்திக்குக் காதுகுத்து. அரிசி மூட்டைகள், எண்ணெய் டின், காய்கறி, கால் கட்டிய ஒரு கிடாய், இவற்றின் மேலும் இடையிலும் மேலக்காட்டார் ஒன்பது பேர். முன் இருக்கையில் போத்திராஜ், காலடியில் சாக்கு. ராமுத்தாய் பின்படியில் நின்று வந்தாள்.

"இன்னைக்கு நீ எறங்க வேணாம். வேற யாராச்சும் கட்டை போடட்டும்" என்று சந்தையிலேயே சுருளியப்பன் சொல்லியிருந்தான்.

"வண்டி எப்ப நிக்கும்னு ஒங்க முதுகைப் பாத்தே எனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?" என்று அவள் காலில் சுற்றிய கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

நான்காவது வளைவில் சிவப்பு மண் குழம்பாகி ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்கம் மலைச்சுவர், வலப்பக்கம் விளிம்புக் கற்கள், அதற்கப்பால் மழையைத் தவிர ஒன்றும் இல்லை. சுருளியப்பன் ஃபோர்வீலைப் போட்டு ஒடித்தான். மூன்று டயர்கள் மண்ணைக் கடித்தன, இடது முன் டயர் ஈரத்தரையில் சோப்பைப் போல நழுவியது, மூக்கு திரும்பவே இல்லை. அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்காமல் பின்னால் வழிந்தது, ஒரு முழம், இன்னொரு முழம், பின் வலது சக்கரம் விளிம்பை நோக்கி. மூட்டைகளுக்கு மேலிருந்து யாரோ சாமி பெயரைக் கத்தினார்கள், கிடாயும் கத்தியது. அப்போது 'டொக்' என்று மரத்தில் ரப்பர் மோதும் சத்தம் கேட்டது, வண்டி நின்றது.

அவன் கண்ணாடியில் பார்த்தான். ராமுத்தாய் தெரியவில்லை.

"தாயி!"

"இங்கதான் இருக்கேன். மிதிச்ச கால எடுத்துராதீக" என்று சக்கரத்துக்குக் கீழிருந்து குரல் வந்தது.

கட்டையைச் செருகிய நொடியில் கயிறு அறுந்து அவள் கால் வழுக்கியிருந்தது. உட்கார்ந்த நிலையில் சறுக்கிப்போய் ஒரு விளிம்புக் கல்லில் முதுகு முட்டி நின்றிருந்தாள். கட்டையும் சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்ததால் இரண்டு பாதத்தையும் அதன் மேல் வைத்து உதைத்துக்கொண்டிருந்தாள். கட்டைக்கு அந்தப்பக்கம் மேலக்காட்டு டயர், இந்தப்பக்கம் அவள் கால், அவள் முதுகுக்குப் பின்னால் கல், கல்லுக்குப் பின்னால் மழை. எழுந்திருக்க அவள் காலை எடுத்தால் கட்டை வரும், கட்டை வந்தால் வண்டி வரும். ஹேண்ட் பிரேக் பிடிக்காமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. சுருளியப்பனால் இருக்கையை விட்டு இறங்க முடியவில்லை. இறங்க முடிந்தவர்கள் மேலக்காட்டார் மட்டும்தான்.

அவர்கள் இறங்கினார்கள். கல் பொறுக்கி வந்து மற்ற மூன்று சக்கரத்துக்கும் பின்னால் முட்டுக் கொடுத்தார்கள். அச்சுக்கு அடியில் ஒரு பாறையை உருட்டினார்கள். மூட்டைகளை இறக்கிச் சுவரோரம் அடுக்கினார்கள். எல்லாம் ஆன பிறகும் சேறு கற்களோடு சேர்ந்து மெல்ல நகர்வதை எல்லோரும் பார்த்தார்கள்.

"வண்டியை விட்டுட்டு நடந்து போயிருவோம். ஏ ராமுத்தாயி, மூணுன்னு சொன்னதும் குதிச்சு இங்கிட்டு வந்துரு. கயிறு வீசுறோம்" என்றான் ஒருவன்.

"வீசுங்க. பிடிக்கக் கை வேணும்ல" என்றாள் அவள்.

கயிறு வீசினார்கள். அவள் பிடித்தாள். ஈரக்கயிறு உள்ளங்கைக்குள் நிற்காமல் உருவிக்கொண்டு போனது. இரண்டாவது முறை மணிக்கட்டில் சுற்றப் பார்த்தபோது உடம்பு ஒரு விரற்கடை சரிந்தது, விளிம்புக் கல் ஆடியது, அவள் கயிற்றை விட்டுவிட்டு மறுபடி உதைத்தாள். 

"சித்தப்பா" என்றான் அவன், திரும்பாமல். "முன்னாடி பிடிமானம் கெடச்சா நான் ஒரு முழம் முன்ன ஏத்தீருவேன். அவ எந்திரிச்சிருவா. ஓடைக்காட்டு டயரை வச்சுக்கிட்டு ஏத்த முடியாது. மாத்துங்க."

மழை பெய்தது. போத்திராஜ் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சத்தியம்டா அது" என்றார். பேரம் பேசுகிற குரலில் இல்லை, கெஞ்சுகிற குரலில் இருந்தது.

"மாமா, இங்கிட்டுக் கொஞ்சம் வாங்க" என்று ராமுத்தாய் கூப்பிட்டாள்.

அவர் பின்பக்கமாகக் குனிந்து பார்த்தார். மேலக்காட்டு டயரின் பட்டன்கள் வாங்கிய நாளைப் போலக் கூர்மையாக இருந்தன, ஒவ்வொன்றின் இடுக்கிலும் சிவப்பு மண் ஏறியிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, மழை கழுவிவிட்ட அவளுடைய இரண்டு உள்ளங்கால்கள். ஓடைக்காட்டார் பாதத்தைப் பற்றி நான்கு வருடமாகச் சிரித்தும் பேசியும் வந்த மேலக்காட்டில் ஒருவரும் அதைத் திருப்பிப் பார்த்தது கிடையாது. அதில் குதிகாலிலும் கோடு இல்லை, விரலிலும் சுழி இல்லை. அது சோறு போடுகிற தட்டின் அடிப்பக்கம் மாதிரி இருந்தது.

அவள் ஒரு கையை உயர்த்தி விரித்தாள். "சத்தியம் பண்ணுன கையைக் காட்டச் சொல்லி கருப்பசாமி கேட்டா, நான் எதைக் காட்டுறது மாமா? மாத்தணும்னா நானே மாத்திருவேன். ஸ்பேனரு கையில நிக்காது. பிடிக்கிற கையி ஒங்ககிட்டதான் இருக்கு."

போத்திராஜ் சாக்கைப் பிரித்தார்.

முதல் நட்டு இறுகிக் கிடந்தது. ஸ்பேனரில் ஏறி மிதித்துத் திருகினார், அது கீச்சென்று வழிவிட்டது. உடனே ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தன் உள்ளங்கையை மழையில் நீட்டிப் பார்த்தார். ஒன்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவது நட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மூன்றாவதைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நான்காவதுக்குப் பிறகு பார்க்கவில்லை. ஐந்தாவது நட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, "ஜாக்கிக்குக் கீழ கல்லப் போடுங்கடா, வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறீக" என்று அதட்டினார். ஆறு பேர் பின்பக்கத்தைத் தோளில் தாங்கினார்கள். மேலக்காட்டு டயர் இறங்கியது, அந்த இடத்தில் அப்போதைக்கு ஸ்டெப்னி ஏறியது, கட்டை அதற்கும் முட்டுக் கொடுத்தது. முன்பக்கம் ஓடைக்காட்டு டயர் இறங்கியது. அதைத் தூக்கிய இரண்டு பேரின் கையிலும் அது நிற்காமல் வழுக்கியதால் மார்போடு அணைத்து, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்தார்கள். அந்த மூலையில் மேலக்காட்டு டயர் ஏறியது. பிறகு ஸ்டெப்னியைக் கழற்றி அங்கே ஓடைக்காட்டு டயரை மாட்டினார்கள். இவ்வளவுக்கும் முக்கால் மணி நேரம் ஆனது. சுருளியப்பனின் வலதுகால் பிரேக்கிலேயே மரத்துப்போயிருந்தது. அந்த முக்கால் மணி நேரமும், "தாயி" என்று இவன் கூப்பிடுவதும், "ம்" என்று அவள் சொல்வதும் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

"போலாம்" என்றார் போத்திராஜ்.

எல்லோரும் வண்டியின் பக்கவாட்டிலும் பின்னாலும் கைவைத்தார்கள். சுருளியப்பன் கிளட்சை விட்டான். இடது முன் டயர் சேற்றுக்குள் இறங்கி, கல்லைத் தேடி, கல்லைப் பிடித்தது. பிடித்த அந்த நொடியில் மேலக்காட்டார் ஒன்பது பேரும் ஒரே மூச்சில் 'ஸ்ஸ்' என்றார்கள், உள்ளங்காலை யாரோ அரத்தால் ஒரு இழுப்பு இழுத்ததைப் போல. ஒருவன் காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினான். யாரும் கையை எடுக்கவில்லை.

"நிப்பாட்டாத, போ" என்று போத்திராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

வண்டி ஒரு முழம் ஏறியது. கட்டை தானாகச் சாய்ந்து விழுந்தது. போத்திராஜ் மண்டியிட்டு, ராமுத்தாயின் அக்குளுக்குள் இரண்டு கையையும் கொடுத்து அவளை இந்தப்பக்கம் இழுத்துப் போட்டார். அவளால் நிற்க முடியவில்லை, நின்றாலும் அந்தச் சரிவில் நிற்கிற பாதம் அது இல்லை. அவளைத் தாங்கி வந்து முன் இருக்கையில் உட்காரவைத்தார்.

"நீங்க எங்க உக்காருவீக மாமா?"

"நாங்க நடந்து வாரோம். பாரம் கொறஞ்சா தேய்மானமும் கொறயும்ல" என்று கதவைச் சாத்தினார் அவர். மூட்டைகள் சுவரோரமே கிடக்க, பின்பக்கம் எஞ்சியிருந்தது கிடாய் மட்டும்.

சுருளியப்பன் மறுபடி ஒடித்தான். மூக்கு திரும்பியது. முன்கண்ணாடியில் பாதை மறைந்து, வெறும் மழையும் ஆழமும் ஒரு கணம் நிறைந்து, பின்பு பாதை வந்தது. ராமுத்தாய் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தாள், அது நழுவியது, முழங்கையை வளைத்து அதில் கோத்துக்கொண்டாள். பின்னால் சேற்றில் வழுக்கி விழுகிறவர்களின் சத்தமும், அவர்களை மற்றவர்கள் வைகிற சத்தமும், யாரோ சிரிக்கிற சத்தமும் கேட்டன.

"இந்த வளைவுல வண்டிக்குள்ள இருந்தா இப்பிடியா பாதையே தெரியாமப் போகும்?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றான் அவன்.

"இம்புட்டு நாளும் எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றாள் அவள். அடுத்த வளைவுக்கு அவன் கியரை மாற்றினான்.